சாங்லாவில் ஓக்லா பூக்கும் காலம்

சிம்லாவிலிருந்து சாங்லாவுக்குப் போகும் பேருந்து ராம்பூர், ஜியோரி, டாப்ரி என்று வெகுநேரம் சட்லஜ் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. கர்ச்சம் என்ற இடத்தில் பாஸ்பா ஆறு வந்து சட்லஜில் சேர்கிறது. அங்கே நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, பாறைச் சரிவைக் குடைந்து போட்ட சாலையில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஏறினால் சாங்லா. கர்ச்சம் சுமார் 1,900 மீட்டர் உயரம். சாங்லா சுமார் 2,700. கீழே நின்றபோது கழுத்தில் வியர்வை இருந்தது. மேலே வந்து இறங்கியதும் பேருந்தில் வந்தவர்கள் எல்லோரும் ஸ்வெட்டரைத் தேடினார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 டிகிரி குறையும் என்பது மலைகளுக்கான பொதுக் கணக்கு. நான் பார்க்கப் போன பயிர் காய்ப்பதும் காய்க்காமல் போவதும் அந்த ஐந்தாறு டிகிரிக்குள் முடிவாகிற விஷயம்.

பயிரின் பெயர் ஓக்லா. கின்னௌர் மாவட்டத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். சமவெளியில் குட்டு. நவராத்திரி விரதத்தில் அரிசி, கோதுமை தொடாத வடநாட்டுக் குடும்பங்கள் குட்டு மாவில் பூரி சுடுவார்கள். அந்த நாட்களில் சென்னைக் கடைகளிலும் அந்த மாவு வந்துவிடும். ஆரோக்கிய உணவு விற்கும் கடைகளில் இதே பொருள் பக்வீட் என்ற பெயரில் விலை கூடி உட்கார்ந்திருக்கும். இது கோதுமைக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. நெல், கேழ்வரகு போன்ற புல்லினமும் இல்லை. நம் சுக்காங்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. முக்கோண விதையை அரைத்தால் மாவு வருவதால் தானியங்களோடு சேர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் போனேன். சாங்லாவைச் சுற்றி எங்கும் ஆப்பிள். மேலே ராக்சம் நோக்கிப் போகப் போக ஆப்பிள் தோட்டங்கள் இடைவெளி விடுகின்றன; அந்த இடைவெளிகளில் ஓக்லா வயல்கள். ராக்சம் 3,100 மீட்டரை ஒட்டிய ஊர். மரமும் கல்லும் கலந்து கட்டிய வீடுகள், கற்பலகை வேய்ந்த கூரைகள், பின்னால் நேராக எழும் பாறை மலை, முன்னால் பாஸ்பா. படிப்படியாக இறங்கும் வயல்களில் இடுப்பளவு உயரத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையும். தண்டுகூடச் சிவப்பு. காலை வெயில் பட்டபோது பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் முழுவதும் அந்த நிறம் ஏறியிருந்தது. இதைப் பார்க்கவே பஞ்சாபிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கார்கள் வருகின்றன.

வயல் ஓரத்தில் ஓர் அம்மாள் குனிந்து இளந்தழைகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். பச்சைப் பட்டை வைத்த கின்னௌரித் தொப்பி. ஓக்லாத் தழை கீரையாகவும் ஆகும். "எவ்வளவு பூ, அம்மாஜி! இந்த வருஷம் நல்ல விளைச்சல்தானே?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவர் நிமிரவில்லை. "பூவைப் பார்த்துச் சொல்ல முடியாது பேட்டா. இதில் பத்தில் ஒன்று மணியானால் போதும். மிச்சம் காய்ந்து உதிரும்."

அந்தப் பத்தில் ஒன்று என்பது வாய்ப்பேச்சுக் கணக்கு இல்லை. பக்வீட்டை ஆராய்ந்தவர்கள் உலகெங்கும் ஏறக்குறைய அதையே எழுதியிருக்கிறார்கள். ஒரு செடி நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் பூக்கிறது. மணியாவது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது. ஒரு பூவுக்கு ஒரு விதைதான். ஒரு விதையின் எடை சுமார் 25 மில்லிகிராம். ஆயிரம் பூவில் நூற்றைம்பது மணி பிடித்தால்கூட அந்தச் செடி தருவது 4 கிராமுக்கும் குறைவு. உலகச் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவிலேயே நிற்கிறது. நெல் சாகுபடி செய்கிற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது அதிர்ச்சியான எண். நெல்லில் பத்துப் பூவில் இரண்டு பதராகப் போனாலே உழவர் முகம் வாடும். இங்கே எட்டு, ஒன்பது போவது இயல்பு.

ஏன் இவ்வளவு வீண்? அதற்கான விடையின் முதல் பாதி பூவுக்குள்ளேயே இருக்கிறது. அம்மாஜியிடம் அனுமதி கேட்டு இரண்டு செடிகளிலிருந்து ஒவ்வொரு பூ எடுத்து, கைலென்ஸில் பார்த்தேன். இதழ் என்று தனியாக இல்லை. நிறம் காட்டுபவை ஐந்து புறமடல்கள். எட்டு மகரந்தத் தாள்கள், அவற்றின் அடியில் மஞ்சள் மணிகளாக எட்டுத் தேன்சுரப்பிகள், நடுவில் மூன்று சூல்தண்டுகள். முதல் பூவில் சூல்தண்டுகள் நீண்டு வெளியே நிற்க, மகரந்தத் தாள்கள் குட்டையாக உள்ளே இருந்தன. இரண்டாவதில் நேர் தலைகீழ். வயலில் சரிபாதிச் செடிகள் முதல் வகை, சரிபாதி இரண்டாம் வகை. ஒரே செடியில் இரண்டும் வராது. முதல் வகையின் மகரந்தம் இரண்டாம் வகையின் சூல்முடியில் விழ வேண்டும். இரண்டாவதின் மகரந்தம் முதலாவதில். தன் மகரந்தத்தையோ தன் வகையின் மகரந்தத்தையோ பூ ஏற்றுக்கொள்வதில்லை. சார்லஸ் டார்வின் 1877-ல் வெளியிட்ட, ஒரே இனத்துச் செடிகளில் காணும் வெவ்வேறு பூ வடிவங்களைப் பற்றிய நூலில் பக்வீட்டையும் சேர்த்திருக்கிறார்.

ஆக, இந்தச் செடிக்குத் தூது கட்டாயம் வேண்டும். காற்று இந்த வேலையைச் சரியாகச் செய்யாது. தேனீயும் பூ ஈயும் செய்யும். அதற்கும் நேரக் கணக்கு உண்டு. பூ காலையில் விரிகிறது, தேன் சுரப்பும் காலையில்தான் அதிகம். நான் எட்டு மணிக்கு வயலோரம் நின்றபோது இரைச்சல் காதை நிறைத்தது. மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் அநேகமாக அமைதி. தேனீக்கள் வேறு பூக்களைத் தேடிப் போய்விட்டன. தூதில்லாமல் நின்ற பூவுக்கு மறுநாள் ஒரு வாய்ப்பு கிடைக்கலாம். அதற்குப் பிறகு இல்லை.

ஒரு காலை முழுவதும் மழை பெய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தேனீ கூட்டை விட்டு வெளியே வராது. அன்று விரிந்த அத்தனை பூவும் பெரும்பாலும் வீண். கின்னௌருக்கு இயற்கை செய்த உபகாரம் இங்கேதான் தெரிகிறது. பருவமழை மேகங்கள் தெற்கே உள்ள மலைத்தொடர்களில் கொட்டித் தீர்த்துவிட்டு, இளைத்துப்போய்த்தான் பாஸ்பா பள்ளத்தாக்குக்கு வந்து சேர்கின்றன. ஆகஸ்டில் சிம்லா நாள் கணக்கில் நனைந்துகொண்டிருக்கும். ராக்சத்தில் தூறல் விட்டு வெயில் வரும். பயிருக்கு வேண்டிய நீரைக் குல் என்ற மலை வாய்க்கால்கள் பனியாற்றிலிருந்து கொண்டுவருகின்றன. நீர் வேருக்கு வாய்க்காலில் வருகிறது. பூவின் மேல் மழையாக விழுவதில்லை. இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த வேளாண் அறிஞராலும் அமைத்துக் கொடுக்க முடியாது என்பது என் எண்ணம். வேர் ஆழம் போகாத செடி இது. தண்ணீர் தேங்கினால் மஞ்சளடிக்கும். ஈரம் முற்றிலும் வற்றினால் பூவை உதிர்க்கும். பாயும் வாய்க்காலும் வடியும் சரிவும் சேர்ந்த இடம் அதற்குப் பொருந்துகிறது.

விடையின் மறுபாதி வெப்பம். 30 டிகிரியைத் தாண்டிய பகலில், அதிலும் வறண்ட காற்றடிக்கும் நாளில், பக்வீட் பூக்கும். ஆனால் மணி பிடிக்காது. மகரந்தம் வீரியம் இழக்கிறது. சூல் சரியாக உருவாவதில்லை. உருவான கருவும் பாதியில் சுருங்குகிறது. 30 வரை கூடப் போக வேண்டாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செடிகளை 18 டிகிரியிலும் 25 டிகிரியிலும் வளர்த்து ஒப்பிட்டு, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். 25 டிகிரியிலேயே மணி பிடிப்பு குறைந்துவிட்டது. நமக்கு 25 டிகிரி என்றால் மார்கழிப் பகல்! அதையே வெப்பம் என்று சொல்லும் செடியை விருதுநகரிலோ வேலூரிலோ விதைத்துவிட்டு விளைச்சல் இல்லை என்று வருந்துவதில் பொருளில்லை. அங்கேயும் பூக்கும். படம் எடுக்கலாம். அவ்வளவுதான்.

மறுபக்கம் பனி உறைவு. நான்கைந்து டிகிரி வரை தாங்கும் செடி, உறைநிலைக்கு ஓரிரண்டு டிகிரி கீழே போனால் ஒரே இரவில் கருகிவிடும். பூ அதற்கும் முன்பே போய்விடும். ஆக, ஒரு பக்கம் கோடை, மறுபக்கம் முதல் உறைபனி. நடுவில் செடிக்குத் தேவை எழுபதிலிருந்து தொண்ணூறு நாள். விதைத்த நான்கைந்து வாரத்தில் முதல் பூ. பிறகு அறுவடை வரை பூத்துக்கொண்டே இருக்கும். கின்னௌரின் தாழ்ந்த ஊர்களில் பார்லியை அறுத்த கையோடு ஜூலையில் ஓக்லா விதைக்கிறார்கள். மேலே ஆண்டுக்கு ஒரே போகம் என்பதால் முன்னதாகவே விதைப்பு. இரண்டு இடத்திலும் பூ உச்சம் அடைவது வெயில் தணிந்த ஆகஸ்ட் பின்பாதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். அக்டோபர் உறைபனிக்குள் களம் சேர்ந்துவிடும். பத்து நாள் முந்தினால் பூ வெயிலில் மாட்டும். பத்து நாள் பிந்தினால் பச்சை மணி பனியில் மாட்டும். எப்போது விதைப்பது என்று அம்மாஜியிடம் கேட்டதற்கு அவர் தேதி சொல்லவில்லை. எதிர் மலையின் எந்த மடிப்பில் பனி கரைந்து முடிய வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டினார்.

வெயிலும் பனியும் மட்டுமின்றிப் பகலின் நீளமும் இந்தச் செடிக்குக் கணக்கு. ஜப்பானில் இதைக் கண்ணால் பார்த்தே வகை பிரித்திருக்கிறார்கள். வடக்கே ஹொக்கைடோவில் வழங்கும் கோடை வகை நீண்ட பகலிலும் வேளைக்குப் பூத்துக் காய்க்கும். தெற்கே கியூஷூவின் இலையுதிர் கால வகை பகல் குறுகினால்தான் பூவுக்குத் திரும்பும். அதை நீண்ட பகலில் விதைத்தால் தண்டும் இலையுமாக ஓங்கி வளர்ந்துகொண்டே போகும், மணி மிகக் குறைவு. ஒரு பள்ளத்தாக்கின் விதையை இன்னொரு அட்சரேகைக்குக் கொண்டுபோய் விதைத்து ஏமாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கின்னௌரின் குடும்பங்கள் தங்கள் வயலின் விதையையே ஆண்டுதோறும் எடுத்து வைப்பதை நான் வெறும் பழக்கமாகப் பார்க்கவில்லை. அந்த விதைக்கு அந்த மலையின் பகல் நீளம் தெரியும். சிம்லாவில் உள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தின் நிலையம் இமயமலை முழுவதிலுமிருந்து இப்படிப்பட்ட நாட்டு விதைகளைத் திரட்டிப் பாதுகாக்கிறது. சாங்லாவிலேயே பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் மலை வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

சாங்லாவுக்கும் ராக்சத்துக்கும் இடையில், ஆப்பிள் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு பாத்தியில் ஓக்லா என் தோள் உயரம் இருந்தது. இலைகள் கரும்பச்சை. முதல் பார்வைக்கு அதுதான் அந்தப் பள்ளத்தாக்கின் மிகச் செழித்த வயல். கிட்டப் போனால் பாதிச் செடிகள் தரையோடு சாய்ந்து கிடந்தன. பூங்கொத்துகளைப் புரட்டினால் மணி சொற்பம். ஆப்பிள் மரங்களுக்கு இட்ட உரம் இதற்கும் சேர்ந்திருக்கிறது. தழைச்சத்து மிகுந்தால் ஓக்லா பூப்பதை நிறுத்தாமலேயே இலையும் கிளையும் விட்டுக்கொண்டிருக்கும். மணிக்குப் போக வேண்டிய உணவை வளரும் நுனிகள் இழுத்துக்கொள்ளும். தண்டு உள்ளே கூடு என்பதால் பாரம் தாங்காமல் சாயும். மேலே ராக்சத்தில் கல் நிறைந்த மெலிந்த மண்ணில், மாட்டெரு மட்டும் கண்ட வயலில், செடி இடுப்பளவுதான். மணி அங்கேதான் அதிகம். உரம் போட்டால் விளைச்சல் கூடும் என்று நாம் எல்லாப் பயிருக்கும் பொதுவாகப் பழகிவிட்ட எண்ணத்தை இந்தப் பயிர் ஏற்காது.

ராக்சத்திலிருந்து சித்குல் வரை சாலை பாஸ்பாவோடு ஏறுகிறது. சித்குல் 3,450 மீட்டர். திபெத் எல்லைப் பக்கம் அதற்கு மேல் ஊர் இல்லை. இங்கே வயல்களின் நிறம் மாறுகிறது. இளஞ்சிவப்பு குறைந்து, பூ இருக்கிறதா என்று தேட வேண்டிய பச்சை வயல்கள். இது ஓக்லாவின் பங்காளியான பாப்ரா. பூ மிகச் சிறியது, பசுமை கலந்த நிறம், வாசனையில்லை. இதற்குத் தேனீ வேண்டாம். தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும். குளிரையும் கூடுதலாகத் தாங்கும். தேனீ பறக்காத குளிர்ந்த காலைகள் மிகுந்த உயரத்தில் குடியானவர்கள் ஏன் இதை நம்பினார்கள் என்பது சொல்லாமலே விளங்குகிறது. குறை ஒன்று: மாவு கசக்கும். ரூட்டின் என்ற பொருள் ஓக்லாவைவிட இதில் பல மடங்கு. சித்குலில் தங்கிய வீட்டில் பாப்ரா மாவைக் கரைத்து ஊற்றிய சில்ட்டா தந்தார்கள். கசப்பு நாக்கின் பின்புறம் நின்றது. அந்த வீட்டுப் பாட்டிக்கு அதில்தான் விருப்பம். ஓக்லா சில்ட்டா சப்பென்று இருக்குமாம். நான் இரண்டையும் நெய் தொட்டுத் தின்றேன். எனக்கு ஓக்லாதான்.

ஓக்லாவையும் பாப்ராவைப் போலத் தானே காய்க்க வைக்க முடியாதா என்ற கேள்வியை விஞ்ஞானிகள் விட்டுவைக்கவில்லை. தென்மேற்குச் சீனம்தான் பக்வீட்டின் தாயகம். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஓமி ஓனிஷி அதன் காட்டு மூதாதையை யுன்னான் மலைகளில் கண்டறிந்தார். அதே சீன மலைகளில் தன் மகரந்தத்தில் காய்க்கும் ஒரு காட்டு உறவும் கிடைத்தது. கனடாவின் கிளேட்டன் கேம்பெல் அதை ஓக்லா இனத்தோடு கலந்து, தூது வேண்டாத செடிகளை உருவாக்கினார். முயற்சி பெரியது, மதிக்க வேண்டியது. ஆனால் அந்தச் செடிக்கும் 30 டிகிரி 30 டிகிரிதான். தேனீயின் வேலையை மரபியல் எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த ஆகஸ்டை எடுத்துக்கொள்ள முடியாது.

பள்ளத்தாக்கில் ஓக்லா பரப்பு குறைந்துகொண்டு வருகிறது. ஆப்பிளும் பட்டாணியும் ராஜ்மாவும் தரும் பணத்துக்கு முன்னால் ஓக்லா நிற்க முடியாது. பிள்ளையைச் சிம்லாவில் படிக்க வைத்தவர்கள் ஆப்பிளால் படிக்க வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆப்பிளுக்கும் தேனீ வேண்டும், ஓக்லாவுக்கும் வேண்டும். ஆப்பிள் வசந்தத்தில் பூத்து முடிந்துவிடுகிறது. கோடை இறுதியில், குளிர்காலத்துக்கு முன் தேன் சேர்க்க வேண்டிய நேரத்தில், அந்தப் பூச்சிகளுக்குப் பெரிய மேய்ச்சல் ஓக்லா. இமாசலத்தின் பழைய வீடுகளில் சுவரிலேயே குழி விட்டு இந்தியத் தேனீயை வளர்க்கும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கூடுகளுக்கு ஆண்டின் கடைசி விருந்து இந்த வயல்கள். இவை போனால் மறு வசந்தத்தில் ஆப்பிளுக்கு வருகிற தேனீயும் குறையும் என்றே நான் அஞ்சுகிறேன். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர்கள், பக்கத்து ஓக்லா பூத்திருக்கும் நாட்களில் காலை வேளையையாவது விட்டுவிடலாம். மாலையில் அடித்தால் பெரும்பாலான தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பியிருக்கும்.

தமிழ்நாட்டிலும் இந்தப் பயிருக்குச் சிறிய தொடர்பு உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இது பயிரானதை வேளாண் நூல்கள் குறிக்கின்றன. இப்போது முயல விரும்பும் மலை விவசாயிகள் மூன்றை மனத்தில் வைக்கலாம். உதகையில் பகல் 13 மணி நேரத்தை எட்டுவதே இல்லை. செடி சிறிதாக இருக்கும்போதே பூக்கும், அதனால் நெருக்கி விதைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் பூக்க விடக் கூடாது. மார்கழி, தை உறைபனியிலும் மாட்டக் கூடாது. என் கணக்கில், பிப்ரவரி இறுதியில் உறைபனி ஓய்ந்ததும் விதைத்து, ஜூன் மழைக்கு முன் அறுப்பதுதான் வழி. இடையில் மழை தவறினால் வாய்க்கால் நீர் வேண்டும்.

அறுவடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூ, பச்சைக் காய், கறுத்த மணி மூன்றும் ஒரே செடியில் ஒரே நேரத்தில் இருக்கும். எல்லாம் முற்றட்டும் என்று காத்திருந்தால் முதலில் முற்றியவை மண்ணில் கொட்டிப் போயிருக்கும். முக்கால் பங்கு மணி கறுத்ததும் அறுக்க வேண்டும், அதுவும் பனி ஈரம் காயாத அதிகாலையில். காய்ந்த செடியை ஆட்டினாலே மணி உதிரும்.

ஆகவே ராக்சம் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்த இளஞ்சிவப்பு வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். பத்தில் ஒரு பூவை நம்பி ஆறு மாதப் பனிக்காலத்துக்கு மாவு சேர்க்கும் வீட்டுக்கு, மிதிபட்ட தண்டு மறுபடி நிமிராது. வரப்பில் நின்று பாருங்கள். திரும்பும்போது அந்த ஊரிலேயே ஒரு கிலோ ஓக்லா மாவு கேட்டு வாங்கி வாருங்கள்.